சார்ந்ததன் வண்ணமும் குருதிப் புற்றும்

கொடிய நோய் கண்டவுடன் அதை முன்வினைப் பயன் என்று கொள்ளும் வழக்கம் தமிழரிடையே இன்றும் வலுவாக உள்ளது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கி, கிண்டி சர்தார் படேல் சாலை வரை விரிந்துவிட்ட அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களுக்குப் பிள்ளையைத் தூக்கிவரும் பெற்றோரின் வாயில், ‘என்ன பாவம் செய்தோமோ’ என்ற சொல் எளிதாக எழுந்துவிடுகிறது. அச்சொல்லுக்குச் சமயத் தத்துவத்தில் உண்மையான இடம் உண்டா என்பதை, குருதிப் புற்றில் குருத்தணுக்கள் தடம் மாறும் முறையோடு சேர்த்து ஆராயலாம்.

குருதிக் குருத்தணு, அதாவது இரத்த ஸ்டெம் செல், எல்லா இரத்த அணுக்களையும் பிறப்பிக்கும் மூல அணுவாகும். அது எலும்பு மஜ்ஜையில் தனக்கென அமைந்த நுண்ணிய உறைவிடத்தைச் சார்ந்தே தன் இயல்பைக் காக்கிறது என்ற கருத்தை 1978-இல் ரேமண்ட் ஸ்கோஃபீல்டு முன்வைத்தார். மஜ்ஜையின் துணையணுக்கள் சுரக்கும் சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதத்தைக் குருத்தணுவின் மேற்பரப்பிலுள்ள சிஎக்ஸ்சிஆர்4 என்ற ஏற்பி உணர்ந்துகொள்வதால், குருத்தணு மாற்றுச் சிகிச்சையில் சிரை வழியே செலுத்தப்படும் கொடையாளியின் அணுக்கள் தாமாகவே மஜ்ஜையைத் தேடி அடைகின்றன. குருதிப் புற்று இந்த ஏற்பாட்டையே குலைத்துவிடுகிறது. மனித லுக்கீமியா அணுக்களை எலிகளுக்குள் செலுத்தி நடத்தப்பட்டு, 2008-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வில், புற்றணுக்கள் தாம் பரவிய இடத்தில் எஸ்சிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைப் பெருக்கி நலமான குருத்தணுக்களை அங்கே இழுத்ததும், அங்குச் சென்றவை காலப்போக்கில் எண்ணிக்கையில் குன்றி, வெளிவரத் தூண்டும் மருந்து கொடுத்தபோதும் இரத்தத்துக்கு வெளிவராமல் முடங்கியதும் தெரியவந்தன. அந்தக் காரணியைச் செயலிழக்கச் செய்தவுடன் அவற்றின் எண்ணிக்கையும் வெளிவரும் திறனும் மீண்டன என்பதே இவ்வாய்வின் மிக முக்கியமான செய்தி. அந்த அணுக்களிடம் குற்றம் இல்லை, அவை சார்ந்த இடம்தான் கெட்டிருந்தது.

13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதத்தை அடியாகக் கொண்ட சைவ சித்தாந்தம், உயிரையும் இதுபோலவே ‘சார்ந்ததன் வண்ணமாவது’ என்று விளக்குகிறது. உயிரைப் பிணிக்கும் அழுக்காகிய மலத்தைச் சார்ந்தால் மலமாகவும் இறைவனைச் சார்ந்தால் சிவமாகவும் விளங்குவது உயிரின் இயல்பு என்பது அதன் பொருள். அறிவும் விருப்பும் உடைய உயிரையும் அவை இல்லாத அணுவையும் ஒன்றெனக் கொண்டு, அறிவியல் சித்தாந்தத்தை மெய்ப்பித்துவிட்டது என்பது பிழையாகும். ஆயினும் கேடு முழுவதும் கெட்டவரின் குற்றமே என்ற முடிவைச் சித்தாந்தமும் ஏற்பதில்லை என்பதை இந்த ஒப்புமை நினைவூட்டுகிறது.

வினை எனப்படும் கன்மமும் அத்தகைய மும்மலங்களுள் ஒன்றல்லவா என்ற வினா எழலாம். அது நியாயமான வினாவே. ஆனால் வினை சடமாதலால் அதன் பயனை உரிய உயிருக்குக் கூட்டுபவன் இறைவனே என்பது சித்தாந்தத்தின் துணிபு. அவ்வாறாயின், இந்த நோய் இன்ன பாவத்தின் பயன் என்று தீர்ப்பளிக்க மனிதர் எவருக்கும் உரிமை இல்லை. பௌத்தத்தின் சீவக சுத்தம் என்ற புத்தர் உரையும் பித்தம், கபம், வாயு, பருவமாற்றம் முதலிய காரணங்களை வினையிலிருந்து பிரித்து எண்ணி, எல்லாத் துன்பமும் முன்வினையே என்பாரை மறுக்கிறது.

நோயாளியின் உறவினர் வினையை ஆராய்வதைவிடத் குருத்தணுக் கொடைக்காகத் தம் திசுவகையை ஆராய்ந்துகொள்வது மேல். உடன்பிறந்தார் ஒருவரது திசுவகை முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். எஞ்சியோர் முகமறியாக் கொடையாளரை நம்பியிருக்க, அத்தகைய கொடையாளருக்கான பதிவேடாகிய ‘தாத்ரி’ 2009-இல் சென்னையில் தொடங்கப்பட்டது. நலமுடைய இளையோர் அதில் பெயர் பதிந்துகொள்ள வேண்டும்.