கேளாதவரின் அறை

அரை கிரவுண்டு மனை. 1,200 சதுர அடி. பொறியாளர் இரு வரைபடங்களை விரித்தார். ஒன்றில் தரைத்தளத்தில் கார் நிறுத்துமிடம், மாடியில் அம்மாவுக்கு அறை. மற்றதில் கீழேயே அம்மாவுக்கு அறையும் சிறு திண்ணையும், காருக்கு இடமில்லை.

"நான் எங்கே படுத்தால் என்ன?" என்றார், முழங்கால் வலியோடு நடக்கும் அம்மா. அச்சொல்லை இசைவாகக் கொண்டு முதல் படத்திற்கே ஒப்பமிட என் கை துணிந்தது.

ஆனால், விட்டுக்கொடுத்தே பழகியவரின் மௌனம் சம்மதமாகுமா? உரக்கக் கேட்பவர்க்கு ஒதுக்கியபின் மிஞ்சியதை மௌனமாயிருப்பவர்க்கு அளிப்பது பங்கீடுதான், நீதியன்று.

சூனேம் ஊர்ப் பெண்மணி ஒருவரை அரசர்கள் இரண்டாம் நூல் காட்டுகிறது. இறைவாக்கினர் எலிசா அவரிடம் அறை கேட்கவில்லை. எலிசா அவ்வழியே அடிக்கடி வந்துபோவதைக் கண்டு, அப்பெண்மணியே மாடியில் சிற்றறை அமைத்து, அதில் கட்டில், மேசை, நாற்காலி, விளக்கு ஆகியவற்றை வைக்க விழைந்தார். வழிப்போக்கருக்கே அவ்வாறெனில், பெற்றவளுக்கு?

இரண்டாம் படத்தையே தேர்ந்தோம். கார் தெருவில் வெயிலில் நிற்கிறது. அம்மா திண்ணையில் அமர்ந்து செபமாலை சொல்கிறார். அன்பர்களே, சுவர் எழுப்புமுன் உங்கள் வரைபடத்தை ஒருமுறை உற்றுநோக்குங்கள்: வீட்டில் எதையும் கேளாதவருக்கு அதில் எங்கே இடம்?