கரடிக்கு எதிரான சாட்சி

மூன்று வருடங்களுக்கு முன், ரொறன்ரோவிற்கு வடக்கேயுள்ள அல்கோன்குயின் பூங்காவில், இரவு எங்கள் கூடாரத்தருகே ஒரு கருங்கரடி வந்தது. அது வந்ததற்குக் காரணம் நான். றெஸ்ரோரன்ற் குசினியில் ஒரு கரண்டியைக்கூடக் கழுவாமல் வைக்காதவன், அன்று களைப்பில், வாட்டிய கோழியில் மிஞ்சியதை மேசையிலேயே விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். உணவைக் காருக்குள் பூட்டிவைக்கும்படி வாசலில் சொல்லியிருந்தார்கள். சட்டிகளைத் தட்டிச் சத்தம் போட்டோம். கரடி எல்லாவற்றையும் தின்று முடித்து, அவசரமில்லாமல் போனது.

காலையில் பூங்கா அலுவலர் வந்தார். "கரடி ஏதாவது தின்றதா?"

"இல்லையெண்டு சொல்லு, தண்டம் அடிப்பாங்கள்" என்றான் நண்பன் தமிழில்.

தண்டமல்ல பிரச்சினை. மனிதரின் உணவை ருசித்த கரடி திரும்பவும் வரும். மெல்லமெல்ல மனிதர் மீதுள்ள பயம் விட்டுப்போகும். கடைசியில் அதைச் சுட வேண்டியும் வரலாம். நான் உண்மை சொன்னால் அது கரடிக்கு எதிரான சாட்சி. பொய் சொன்னால், அடுத்த கூடாரத்தில் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள்.

இதே பூங்காவில், ஒபியொங்கோ ஏரியின் பேற்ஸ் தீவில், 1991 ஒக்ரோபரில் கூடாரமடித்திருந்த ஓர் ஆணையும் பெண்ணையும் ஒரு கருங்கரடி கொன்றது. அதைச் சுட்டுக் கொன்றார்கள். இத்தகைய தாக்குதல்கள் மிக அரிது. ஆனாலும் நடந்திருக்கின்றன.

அந்தக் கரடியைக் கொலைகாரன் என்று சொல்லலாமா? இரண்டாம் வருடத்தோடு நான் விட்டுவிட்டு வந்த மெய்யியல் பாடத்தில் ஒன்று மட்டும் மனதில் நின்றது: வேறுவிதமாக நடந்திருக்கக் கூடியவனுக்கே குற்றம் உண்டு. கரடிக்குப் பசி இருந்தது, மூக்கு இருந்தது. அன்றிரவு வேறுவிதமாக நடந்திருக்கக் கூடியவன் நான்தான். குற்றம் என்னுடையது, தண்டனை அதற்கு. ஆனால் குற்றமற்றது என்பதால் அது ஆபத்தற்றதாகிவிடாது. இந்த இரண்டு உண்மைகளில் எதையும் மற்றதை வைத்து அழிக்க முடியவில்லை.

அதிகாரிகளிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பதில் நாங்கள் பழக்கப்பட்டவர்கள். அப்போதெல்லாம் காப்பாற்ற வேண்டியிருந்தது எங்கள் உயிரை. இங்கே என் வார்த்தையில் தொங்கியது வாய்பேசாத ஒன்றின் உயிர். அதன் பக்கத்தில் வழக்காட யாருமில்லை.

"தின்றது. பிழை என்னுடையது" என்றேன். அலுவலர் இரண்டாவது வசனத்தை எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை.

நான் செய்தது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். சரியானதைச் செய்தால் மனம் ஆறிவிடும் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்புவதில்லை. அந்தக் கரடிக்கு என்ன நடந்தது என்று விசாரிக்க இதுவரை எனக்குத் துணிவு வரவில்லை.