நியாய விலை

எங்கள் தெருமுனையில் உள்ள கடையின் பலகையில் ‘நியாய விலைக் கடை’ என்று எழுதியிருக்கிறது. யாரும் அப்படிச் சொல்வதில்லை. ரேஷன் கடை என்றுதான் சொல்கிறோம். ஆனால் அந்தப் பெயருக்குள் ஒரு பெரிய வாதம் இருக்கிறது. விலைக்கு ‘நியாயம்’ என்ற அடைமொழி தேவைப்படுகிறது என்றால், நியாயமில்லாத விலையும் உண்டு என்று அரசே ஒப்புக்கொள்கிறது. சந்தையின் மொழியில் இது பொருளற்ற தொடர். அங்கே விலை என்பது வாங்குபவரும் விற்பவரும் உடன்படுகிற ஒரு புள்ளி. அது ஏறும், இறங்கும். அதற்கு நியாயமும் அநியாயமும் கிடையாது. இதே தமிழில் ‘விலைமகள்’ என்று ஒரு சொல்லும் உண்டு. அவளுக்கு விலை பேசியவனைக் குறிக்க நம் அகராதியில் அதற்கு இணையான சொல் இல்லை. விலை பற்றிய பேச்சில் யாருக்குப் பெயர் ஒட்டுகிறது, யார் பெயரின்றித் தப்பிக்கிறார்கள் என்பது நமக்குப் புதிதல்ல.

சந்தைப் பொருளாதாரத்தில் அரசின் வேலை என்ன? 1776இல் ஆடம் ஸ்மித் மூன்று கடமைகளைச் சொன்னார்: நாட்டைக் காப்பது, நீதி வழங்குவது, லாபம் கிடைக்காது என்று தனியார் செய்ய மறுக்கும் பொதுப்பணிகளைச் செய்வது. அதன் பிறகு வந்தவர்கள் இந்தப் பட்டியலை நீட்டவோ குறைக்கவோ வாதாடி வருகிறார்கள். ஒரு பக்கம் அரசு கைவிலகினால் செல்வம் பெருகும் என்கிறது. மறுபக்கம் அரசு கைவைக்காவிட்டால் எளியவர் அழிவர் என்கிறது. இரண்டாவது பக்கத்தில்தான் நான் நிற்கிறேன். ஆனால் இரு தரப்பாரின் படத்திலும் இரண்டே இடங்கள்தான் இருக்கின்றன: அரசு அலுவலகம், சந்தை. மூன்றாவது இடமான வீடு அதில் வரையப்படவே இல்லை.

2019இல் ஒன்றிய அரசு நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இப்படிச் சொல்கிறது: ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்கள். அப்படி ஈடுபடும் ஆண்களும் நூற்றுக்கு 26 பேர்தான். ஏறக்குறைய ஐந்து மணி நேரம். நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கில் இந்த ஐந்து மணி நேரம் இல்லை. நியூசிலாந்தின் மேரிலின் வாரிங் 1988இலேயே இந்தக் கணக்கு முறையைப் புத்தகமாக எழுதிக் கேள்வி கேட்டார். கணக்கு இன்னும் பெரிதாக மாறவில்லை. இட்லி மாவைக் கடையில் வாங்கினால் அது பொருளாதாரம். வீட்டில் ஆட்டினால் அது பாசம்.

இந்த மூன்றாவது இடத்தை வரைந்துவிட்டால் பழைய விவாதம் வேறுமாதிரித் தெரிகிறது. அரசு ஒரு வேலையிலிருந்து விலகும்போது அந்த வேலை மறைந்துபோவதில்லை. சந்தையில் விலை கொடுத்து வாங்க முடிந்தவர் வாங்குகிறார். முடியாத வீட்டில் அந்த வேலையை ஒரு பெண் செய்கிறாள். அங்கன்வாடி மூடியிருந்தால் பிள்ளையை யாரோ பார்க்கத்தான் வேண்டும். மருத்துவமனை நோயாளியைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பினால் யாரோ புண்ணைத் துடைக்கத்தான் வேண்டும். அந்த ‘யாரோ’ யார் என்று எந்த வரவுசெலவுத் திட்டமும் சொல்வதில்லை. அரசுச் செலவு மிச்சமானது என்று மட்டும் சொல்கிறது.

இதை ஒரு எடுத்துக்காட்டோடு நிதானமாகப் பார்க்கலாம். பிள்ளைப்பேற்றின் செலவு யாருடையது?

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால நலன் மசோதா வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பேறுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன். ஆகவே அந்தச் சுமையின் பெரும்பகுதியை அரசே ஏற்பதுதான் முறை. ஆனாலும் அவள் உழைப்பால் பயன்பெறும் முதலாளியும் பொறுப்பிலிருந்து முழுவதும் விலக முடியாது என்பது அவருடைய வாதம். மறு ஆண்டே அங்கே சட்டம் வந்தது. ஆனால் பிறகு நாடு முழுவதற்குமாக வந்த 1961ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளியைப் பிடித்துக்கொண்டது. அம்பேத்கர் முதலில் சொன்ன அரசை விட்டுவிட்டது. 2017இல் விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. ஐம்பதோ அதற்கு மேலோ ஊழியர் இருந்தால் குழந்தைக் காப்பகமும் கட்டாயமானது. நல்லவைதான். ஆனால் இரண்டுக்கும் பணம் அந்த முதலாளியின் கையிலிருந்துதான் வர வேண்டும். இருபத்தாறு வாரச் சம்பளம் கொடுக்க நேரும் என்று தெரிந்த முதலாளி என்ன செய்வார்? நேர்காணலில் “கல்யாணம் எப்போ?” என்று கேட்பார். என் மாணவிகள் பலர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள்.

தொழிலாளர் ஈட்டுறுதி, நாம் ஈ.எஸ்.ஐ. என்று சொல்வது, வேறு மாதிரி இயங்குகிறது. ஆணோ பெண்ணோ, வரம்புக்குள் வரும் ஒவ்வொருவரின் ஊதியத்திலும் முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் ஒரு பொது நிதிக்குச் செலுத்துகிறார்கள். பேறுகாலப் பணம் அந்த நிதியிலிருந்து வருகிறது. ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தாலும் ஓர் ஆணை எடுத்தாலும் முதலாளிக்கு அந்த வகையில் செலவு ஒன்றுதான். ஆகவே அவளைத் தவிர்ப்பதற்கு ஒரு காரணம் குறைகிறது. அரசின் வேலை என்று நான் சொல்வது இதைத்தான். பிள்ளைப்பேறு ஒரு பெண்ணின் தனிப்பட்ட ‘குறை’யாகச் சந்தையில் விலை குறைக்கப்படாமல், எல்லாரும் பகிரும் செலவாக அதை மாற்றுவது. சந்தை தானாக இதைச் செய்யாது. தனியாக இதைச் செய்ய முன்வரும் நல்ல முதலாளியை அது தண்டிக்கவும் செய்யும்.

ஆனால் ஈ.எஸ்.ஐ.க்குள் வருபவர் எத்தனை பேர்? களை எடுப்பவர், சித்தாள், வீட்டுவேலை செய்பவர் பெரும்பாலும் இல்லை. 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு வேலையில் இல்லாத எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தரச் சொன்னது. அதன் பேரில் 2017இல் வந்த ஒன்றிய அரசுத் திட்டம் முதல் பிள்ளைக்கு மட்டும் 5,000 ரூபாய் என்று சுருக்கிக்கொண்டது. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவித் திட்டம் 18,000 ரூபாய் தருகிறது. ஒப்பிட்டால் பெருமைப்படத்தக்கது. ஆனால் அதுவும் இரண்டு பேறுகளோடு நின்றுவிடுகிறது. எத்தனை பிள்ளை என்பதைப் பல வீடுகளில் அவள் முடிவு செய்வதில்லை. மூன்றாவது பிள்ளைக்கான தண்டனை மட்டும் அவளுக்கு வருகிறது.

எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது ஆறு மாதம் முழுச் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது. நான் பணி நிரந்தரமானவள். அதே வளாகத்தில் என்னைப் போலவே முனைவர் பட்டம் பெற்று, என்னைப் போலவே பாடம் நடத்திய கௌரவ விரிவுரையாளர் ஒருவர் ஏழாம் மாதத்தில் சம்பளமில்லாமல் நின்றார். திரும்பி வந்தபோது அவருடைய இடத்தில் வேறொருவர் இருந்தார். வகுப்பறைகளைப் பெருக்கும் அக்கா ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். “லீவெல்லாம் ஏது மேடம், ஒரு மாசம் நின்னா வேற ஆளப் போட்டுருவாங்க” என்றார். மூன்று கருப்பைகள், ஒரே வளாகம், மூன்று விலை. இன்று அரசு ஊழியருக்கு அந்த விடுப்பு ஓராண்டாகியிருக்கிறது. எனக்குக் கிடைத்தது சலுகை என்று நான் நினைக்கவில்லை, அது எனக்குரியதுதான். மற்ற இருவருக்கும் உரியதை அவர்கள் பெறவில்லை என்பதே என் வாதம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரசைத் தாயாகப் பாடுவதற்கு நான் இதை எழுதவில்லை. அரசும் சந்தையில் ஒரு முதலாளிதான். அதுவும் பெண்ணின் மலிவான உழைப்பில் வாழ்கிற முதலாளி. அங்கன்வாடித் திட்டம் 1975இல் தொடங்கியது. அதில் வேலை செய்பவர்களுக்குத் தரப்படுவது ஊதியம் என்று அழைக்கப்படுவதில்லை, ‘மதிப்பூதியம்’. தமிழாசிரியையாக இந்தச் சொல்லைப் பார்த்தால் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வருகிறது. ஊதியத்தில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவையும் மதிப்பு நிரப்பிவிடும் போலும். கிராமம் கிராமமாகக் கர்ப்பிணிகளைத் தேடிச் செல்லும் ஆஷா பணியாளர்களை அரசு இன்னும் தன்னார்வலர்கள் என்றே வகைப்படுத்துகிறது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் எத்தனை பேர் வெறுங்கையோடு ஓய்வு பெற்றிருப்பார்கள்?

அரசு ஒரு வியாபாரியும்கூட. டாஸ்மாக் 1983இல் தொடங்கப்பட்டது. 2003இல் சில்லறை மது விற்பனை முழுவதும் அதன் கைக்கு வந்தது. இப்போது அதன் வழியாக ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் அரசுக்கு வருகிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டுக்கு ஆகும் செலவு 13,000 கோடிக்கு மேல். ஒரு சன்னலில் கணவனின் கூலியை வாங்கி, இன்னொரு சன்னலில் மனைவிக்கு ஆயிரம் ரூபாய் தருகிறார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியையும் பார்க்க வேண்டும்: அந்த ஆயிரம் அவள் பெயரில், அவள் கணக்கில் விழுகிறது. யாரிடமும் கைநீட்டாமல் மாத்திரை வாங்கவும் பேருந்து ஏறித் தாய்வீடு போகவும் அது போதும். அதை ‘ஓசி’ என்று ஏளனம் செய்யும் ஆண்கள், தங்களுக்குத் தினமும் கிடைக்கும் ஐந்து மணி நேர ஓசி உழைப்பை அப்படி அழைப்பதில்லை. என் கேள்வி வேறு. தன் வருமானத்துக்காக ஒரு சரக்கின் விற்பனையை நம்பியிருக்கும் அரசு, அந்தச் சரக்கு வீட்டுக்குள் செய்யும் வன்முறைக்கு நடுவராக இருக்க முடியுமா? கடைக்காரனே பஞ்சாயத்துத் தலைவராகவும் இருந்தால் தீர்ப்பு எப்படி வரும்?

பெயரையும் கவனியுங்கள். உதவித் தொகை என்று வைக்காமல் ‘உரிமைத் தொகை’ என்று வைத்தது சரியான சொல்தேர்வு. பெண்ணின் உழைப்பை அது ஒத்துக்கொள்கிறது. ஆனால் உடனே ‘தகுதியுள்ள’ குடும்பத் தலைவிகள் என்றார்கள். வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 அலகுக்குள். உரிமைக்குத் தகுதி கேட்டால் அது மறுபடியும் உதவிதான். ரேஷன் அரிசியில் தமிழ்நாடு இந்தத் தடுமாற்றத்தைத் தவிர்த்தது. 1997இல் ஒன்றிய அரசு குடும்பங்களை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது, இங்கே எல்லாருக்கும் என்ற முறை நிலைத்தது. கைவிடப்பட்டு அண்ணன் வீட்டில் வாழும் பெண், அண்ணனின் வருமானத்தை வைத்து ‘வசதியானவள்’ ஆகிவிடாமல் அது காத்தது. ஏழை என்று நிரூபிக்க வேண்டிய இடத்தில் முதலில் தோற்பவள் தன் பெயரில் எந்தக் காகிதமும் இல்லாத பெண்தான்.

1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய அறிக்கையில் அம்பேத்கர், அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து விடுதலை என்று சொல்லப்படுவது உண்மையில் தனியார் முதலாளியின் சர்வாதிகாரம்தான் என்ற பொருளில் எழுதினார். நாம் அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: வீட்டுத் தலைவனின் சர்வாதிகாரமும்தான். சிறிய அரசா பெரிய அரசா என்ற கேள்வி நமக்கு உதவாது. பெரிய அரசும் நம் உழைப்பை மதிப்பூதியத்துக்கு வாங்கும். ஒவ்வொரு திட்டத்திடமும், ஒவ்வொரு வெட்டிடமும் நாம் கேட்க வேண்டியது இது: இதனால் யாருடைய ஐந்து மணி நேரம் கூடுகிறது, யாருடையது குறைகிறது?

அப்படிக் கேட்டால் கோரிக்கைகளும் தெளிவாகின்றன. திருமணம், பிள்ளை எண்ணிக்கை, வேலையின் வகை எதையும் பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் பொது நிதியிலிருந்து பேறுகால ஊதியம். நிறுவனத்தின் தலைக்கணக்கைப் பொறுத்தில்லாமல், தெருவைப் பொறுத்து ஒரு குழந்தைக் காப்பகம். அங்கே வேலை செய்பவருக்கு மதிப்பும் ஊதியமும் தனித்தனியாக. பணம் எங்கே என்பார்கள். இத்தனை காலமாக அந்தப் பணத்தை நாம் நேரமாகச் செலுத்தி வருகிறோம். 1928இல் சட்டமன்றத்தில் சொல்லப்பட்ட வாதம் இன்னும் நிலுவையில் இருக்கிறது.