ஆபரேஷன் யாருக்கு?

திண்டுக்கல்லைச் சுற்றியிருக்கும் பொறியியல் கல்லூரி ஒன்றில் உயிர்மருத்துவப் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருத்தி, ஒரு படிவத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். நூற்பாலைத் தொழிலாளர்களின் இடுப்புவலியை அளக்க சென்சார் பொருத்திய பெல்ட் செய்வது அவளுடைய புராஜெக்ட். கலந்துகொள்பவர்களிடம் கேட்கவேண்டிய கேள்விகளைத் தமிழில் எழுதித் தரவேண்டும். தமிழ் டீச்சர் என்பதால் மேடம் என்று கூப்பிடாமல் அம்மா என்றாள்.

பெண்களுக்கான பட்டியலில் ஒரு கேள்வி: குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்திருக்கிறீர்களா? ஆண்களுக்கான பட்டியலில் அது இல்லை. ஏன் என்றேன்.

“ஆம்பளைங்க யாரும்மா அதெல்லாம் செஞ்சுக்கிறாங்க?”

அவள் சொன்னதில் தவறில்லை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்ட தம்பதியர் 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் பெண்களின் பங்கு பாதிக்கும் மேல். ஆனால் ஆணுக்குரிய அறுவைதான் சிறியது. வயிற்றைத் திறக்க வேண்டாம், அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். ஆண்டுதோறும் நவம்பர் கடைசியில் வாசக்டமி இருவார விழா என்று சுகாதாரத் துறை பேனர் கட்டுகிறது. பேனரைப் படித்துவிட்டு ஆண்கள் டீக்கடைக்குப் போகிறார்கள்.

என்றைக்கும் இப்படியே இருந்ததில்லை. இந்த மாவட்டத்துக் காந்திகிராமத்தில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் முயற்சியால் குடும்ப நலப் பணியும் ஆய்வும் நடந்த 1960களில், நாடு முழுவதும் அறுவை செய்துகொண்டவர்களில் ஆண்களே அதிகம். 1976-77இல் நெருக்கடி நிலையின்போது ஓராண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அறுவை நடந்தது. அவர்களில் 60 லட்சத்துக்கும் மேல் ஆண்கள். பலர் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள். அந்தக் கொடுமைக்கு ஆண்கள் தேர்தலில் பதில் சொன்னார்கள், ஆட்சி போனது. அதன் பிறகு எந்த அரசும் ஆண் உடலைத் தொடத் துணியவில்லை. இலக்கு அப்படியே இருந்தது, உடல் மட்டும் மாறியது.

மாணவியிடம் அவளுடைய துறையைச் சேர்ந்த ஒருவரைப் பற்றிச் சொன்னேன். சுஜாய் குஹா, கரக்பூர் ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் படித்தவர். டெல்லி ஐ.ஐ.டி.யும் எய்ம்ஸும் சேர்ந்து நடத்திய உயிர்மருத்துவப் பொறியியல் மையத்தில் பேராசிரியராக இருந்தவர். பொறியாளருக்கு உடலைத் தொட்டு ஆராயும் உரிமை வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, பிறகு மருத்துவமும் படித்தார். குடிநீரில் கிருமியைக் கொல்லக் குழாயின் உள்சுவரில் பூசும் ஒரு பாலிமரை ஆராய்ந்துகொண்டிருந்தவர், அதே பூச்சை ஆணின் விந்துக்குழாய்க்குள் பூசினால் என்ன என்று யோசித்தார். குழாயை வெட்டவேண்டாம், ஊசி போட்டால் போதும், கடந்துபோகும் விந்தணு சிதைந்து செயலற்றுப்போகும். முதல் ஆய்வுக்கட்டுரை 1979இல் வந்தது. 303 ஆண்களிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு வெளியானது 2023இல். கருத்தடையில் 99 சதவீதத்துக்கு மேல் வெற்றி, பெரிய பக்கவிளைவு இல்லை. வேண்டும்போது பூச்சைக் கரைத்து எடுக்கலாம் என்பது விலங்குகளில் காட்டப்பட்டிருக்கிறது, அந்தச் சோதனையின் ஆண்களிடம் பார்க்கப்படவில்லை.

1979க்கும் 2023க்கும் இடையே 44 ஆண்டுகள். நான் பள்ளி முடித்து, முனைவர் பட்டம் வாங்கி, இரண்டு பிள்ளை பெற்று, இரண்டாவது சிசேரியனின்போதே ‘கட்டிவிடப்பட்டு’, இப்போது மூட்டுவலிக்கு மாத்திரை போட்டுக்கொள்ளும் காலம் அது. கட்டிவிடலாமா என்று மேசைமேல் கிடந்த என்னிடம் கேட்டார்கள். வெளியே கையெழுத்துப் போட்டவர் கணவர். அவர் கெட்டவரில்லை. அந்தக் கேள்வி தன்னிடம் கேட்கப்பட்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. எனக்கும்தான்.

குஹாவின் ஆய்வு இடையில் நிறுத்தப்பட்டதும் உண்டு. சில ஆண்களுக்கு விதைப்பை வீக்கம் வந்தது, நச்சுத்தன்மை பற்றிக் கேள்விகள் எழுந்தன. நிறுத்தியது சரி, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 1985இல் ஹைதராபாத் அருகே பட்டன்செருவில், நெட்-என் என்ற கருத்தடை ஊசி சோதனையில் இருப்பதைச் சரியாகத் தெரிவிக்காமலே பெண்களுக்குப் போடப்பட்டது. ஸ்திரீ சக்தி சங்கடனா, சஹேலி முதலான பெண்கள் அமைப்புகள் 1986இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போகவேண்டியிருந்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார்கள். பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அதே மாதம் ஒடிசாவில், வயிற்றை உப்பவைக்கும் கருவிக்குப் பதிலாக சைக்கிள் பம்ப் பயன்படுத்தப்பட்டது. மருத்துவக் கருவி செய்யக் கற்பவர்கள் முதல் வகுப்பிலேயே அந்தப் பம்பைப் பார்க்கவேண்டும்.

இதைப் பாரபட்சம் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. அறம் தன்னை நேர்மையாக நினைத்துக்கொண்டிருக்கும் இடத்தில்தான் சிக்கல் இருக்கிறது என்று நினைக்கிறேன். மருத்துவ ஆய்வு நெறி ஓர் உடலைத் தராசில் வைக்கிறது. ஒரு தட்டில் மருந்தின் ஆபத்து, மறுதட்டில் மருந்து தடுக்கும் ஆபத்து. பெண்ணின் மறுதட்டில் கர்ப்பம், பிரசவம், இரத்தப்போக்கு, சாவு எல்லாம் இருக்கின்றன. அதனால் அவள் எவ்வளவு பக்கவிளைவையும் தாங்கலாம் என்று முள் காட்டும். ஆணின் மறுதட்டில் எதுவுமில்லை, அவன் கர்ப்பமாவதில்லை. எனவே முகப்பருகூட அவனுக்குக் கனம். உலக சுகாதார நிறுவனம் பங்கேற்று 320 ஆண்களிடம் சோதித்த ஹார்மோன் ஊசி 2011இல் மனச்சோர்வு முதலான விளைவுகளால் நிறுத்தப்பட்டது. அந்த ஆண்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் தொடர்ந்து போட்டுக்கொள்ளச் சம்மதம் சொன்னவர்கள். தராசு கேட்கவில்லை. இருவர் சேர்ந்து உண்டாக்குவதை ஒருத்தியின் எடையாக மட்டும் நிறுக்கும் தராசு எவ்வளவு துல்லியமாக இருந்தால் என்ன? அவளுக்கு வரும் ஆபத்தையும் அவன் தட்டில் வைத்து நிறுங்கள், முள் வேறு இடத்தில் நிற்கும்.

ஒரு தோழி மறுத்தாள். ஊசி போட்டுக்கொண்டேன் என்று அவன் சொன்னால் நம்பிப் படுக்கமுடியுமா, பிள்ளை என் வயிற்றில்தானே வளரும், கட்டுப்பாடு என்னிடமே இருக்கட்டும் என்றாள். நியாயம்தான். பெரியார் 1930களில் கர்ப்பத்தடையை வலியுறுத்தியது நாட்டின் வறுமையைக் காட்டி அல்ல, பெண்ணின் விடுதலைக்காக. ஆனால் கட்டுப்பாடு வேறு, சுமை வேறு. முடிவு என்னுடையது என்பதற்காகக் கத்தியும் என்மேல்தான் பட வேண்டுமா? அதே பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலின் கடைசிக் கட்டுரைக்குத் தலைப்பு ‘ஆண்மை அழியவேண்டும்’. அறுவை செய்தால் ஆண்மை போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு அந்தத் தலைப்பைச் சொன்னால் ஓடிவிடுவார்கள்.

ஆண்களின் பட்டியலிலும் அந்தக் கேள்வியைச் சேர்க்க மாணவி ஒத்துக்கொண்டாள். எப்படிக் கேட்பது என்பதில்தான் அரைமணி நேரம் போனது. ‘கருத்தடை’ என்று எழுதினால், கரு இருப்பது பெண்ணிடம். ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்றால் வீட்டுக்காரியைக் கேட்பதாக நினைத்துப் பதில் சொல்வார்கள். ‘விந்துக்குழாய் அடைப்பு’ என்றேன். அது நோய் மாதிரி இருக்குதேம்மா என்றாள். கடைசியில், ‘குழந்தை வேண்டாமென்று நீங்கள் ஆபரேஷன் செய்துகொண்டீர்களா? (உங்கள் மனைவி அல்ல, நீங்கள்)’ என்று எழுதினாள். அடைப்புக்குறியை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.