தடையை எடுத்தால் போதை கூடுமா?

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது எங்களூர் நானா ஒருவர் தாழ்ந்த குரலில் கேட்டார்: "மகன் குடு பாவிக்கிறான் தம்பி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனா பொலிசுக்குச் சொல்லிடுவாங்களோ?" நோயைவிடச் சிறையே அவருக்குப் பெரிதாய்த் தெரிந்தது.

போதைவஸ்தைச் சட்டபூர்வமாக்கினால் அடிமைகள் பெருகுவார்களா என்று கேட்டால், பெருகுவார்கள் என்று உடனே சொல்லிவந்தவன் நான். இன்றும் அதை முற்றாகக் கைவிடவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பாவிப்பவனைச் சிறையிலடைக்காமல் விடுவது ஒன்று. விற்பவனுக்கு அனுமதி கொடுப்பது வேறொன்று.

போர்த்துக்கல் 2001 ஜூலையில் முதலாவதைச் செய்தது. பத்து நாள் பாவனைக்கு மேற்படாத அளவை வைத்திருப்பவர் நீதிமன்றத்துக்கல்ல, மூவர் கொண்ட குழுவொன்றின் முன் போனார். விற்பனை குற்றமாகவே இருந்தது. சிகிச்சையும் விரிவாக்கப்பட்டது. அஞ்சியதுபோல் வெள்ளம் வரவில்லை. ஊசி வழியே பரவிய எச்.ஐ.வி. தொற்று பெருமளவு குறைந்தது.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலமும் 2020இல் வாக்கெடுப்பு நடத்தி அவ்வழியே போனது. 100 டொலர் தண்டம். தொலைபேசியில் அழைத்து உதவி நாடினால் அதுவும் இல்லை. அழைத்தவர்கள் மிகச் சொற்பம். சிகிச்சைக்கான பணம் வந்துசேரத் தாமதித்தது. ஃபென்டனைல் என்ற கொடிய வஸ்து அங்கே பரவியதும் அதே காலத்தில்தான். 2024 செப்டெம்பரில் அது மீண்டும் குற்றமாயிற்று. சட்டத்தின் மேல் எவ்வளவு பழி, ஃபென்டனைலின் மேல் எவ்வளவு என்ற வாதம் ஓயவில்லை.

இரண்டாவது கேள்விக்கு ஒக்ஸிகொன்டின் மாத்திரையை நினைக்கிறேன். 1996இல் அது சந்தைக்கு வந்தது களவாக அல்ல. முழுச் சட்டப்படி, வைத்தியர் எழுதிய துண்டோடு. அடிமையாக்கும் ஆபத்து குறைவு என்று விற்பனைப் பிரதிநிதிகள் வைத்தியர்களிடம் சொன்னார்கள். விளம்பரத்தில் ஏமாற்றியதைத் தயாரித்த பர்டியூ நிறுவனம் 2007இல் நீதிமன்றில் ஒப்புக்கொண்டது. அதற்குள் எத்தனையோ வீடுகள் பாழாகியிருந்தன. சந்துமுனையில் நிற்கும் வியாபாரிக்கு இப்படியொரு கை நீளுமா?

நமது நாட்டில் 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இரண்டு கிராம் ஹெரோயினுக்கே மரண அல்லது ஆயுள் தண்டனை. 2022இல் ஐந்து கிராம் ஐஸுக்கும் அவ்வாறே. எனினும் ஐஸ் நம் ஒழுங்கைகளுக்கு வந்துவிட்டது. அடிமைப்பட்டவன் தண்டனையைக் கணக்குப் பார்த்துக் குடிப்பதில்லை. கணக்குப் பார்ப்பவன் இன்னும் தொடாத பையன்: விலை, எளிதில் கிடைப்பது, வெட்கம் என்பன அவனைத் தடுக்கின்றன. கடையில் அடுக்கி வைத்தால் அம்மூன்றும் தளரும் என்றுதான் நினைக்கிறேன். ஆகவே விற்பனைக்கு என் வாக்கு இல்லை. ஏற்கெனவே விழுந்தவனுக்கு அந்தத் தடை எதைத் தருகிறது? ஒளிந்து கொள்ள ஓர் இருட்டை. மது கூட நமக்கு ஒரே நாளில் ஹராமாக்கப்படவில்லை. குடித்துப் பழகிய சமூகத்துக்குப் படிப்படியாக அவகாசம் கிடைத்தது. இதை மிம்பரில் கேட்ட நாமே பாவிப்பவனின் ஜனாஸாவுக்குப் போகலாமா என்று விவாதிக்கிறோம்!

மறுநாள் மூவரும் பஸ்ஸில் போனோம். மகன் ஜன்னலோரம் கண்களை மூடியிருந்தான். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் நானா முதலில் பார்த்தது வைத்தியரின் அறையை அல்ல, பொலிஸ் காவலரணை.