ஆயா உயிரோடுதான் இருக்கிறாள்!

உங்கள் வீட்டில் எண்பது தாண்டிய பாட்டி யாராவது இருக்கிறாரா? அவர் பெயரில் மாதாமாதம் பென்ஷன் வருகிறதா? அப்படியானால் இந்த வாரம் இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் ஓரமாக உட்கார்ந்து படியுங்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு 'சொல்தா வீடு' என்றால் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்... பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவரின் குடும்பம். சிப்பாய்க்கான பிரெஞ்சுச் சொல், எங்கள் ஊர் வாயில் விழுந்து 'சொல்தா' ஆகிவிட்டது. என் தாத்தா ஒரு சொல்தா. சைகோனில் இருந்தவர். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, 'பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம்' என்றார்கள். தாத்தா எழுதிக் கொடுத்தார். ஆயாவைக் கேட்டாரா என்று தெரியாது. கேட்டிருக்க மாட்டார். (எங்கள் வீட்டில் இன்றைக்கும் இரண்டு கலர் பாஸ்போர்ட் உண்டு.)

ஆயா முத்தியால்பேட்டையை விட்டு நகர்ந்ததில்லை. பிரான்ஸைப் பார்த்ததில்லை. ஆனால், பிரான்ஸ் அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடுவாள். 1936 ஜூலை 30-ல் சவானா மில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் செத்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. 'அன்னிக்கு எங்க தெருவுல எவளும் உலை வைக்கலைடா' என்பாள். அந்த ஒரு வாக்கியம்தான். அதற்கு மேல் கேட்டால், 'போய் வேலையைப் பாரு'. தமிழ் எழுதத் தெரியாது. பெயரை மட்டும் பிரெஞ்சு எழுத்தில், தாத்தா சொல்லிக் கொடுத்த மாதிரி, ஒவ்வொரு எழுத்தாகக் கோலம் போடுவதுபோலப் போடுவாள்.

தாத்தா போன பிறகு பென்ஷன் அவளுக்கு வந்தது. அந்தப் பணத்தில்தான் மாடி எழும்பியது, சித்தி கல்யாணம் நடந்தது, நான் பி.காம். படித்தேன். 2002-ல் பிராங்க் போய் யூரோ வந்தபோது வீட்டில் ஒரு கலவரம். ஒரு யூரோ என்பது 6.55957 பிராங்க். காகிதத்தில் தொகை திடீரென்று ஆறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட, 'மீதியை எவன்டா தின்னான்?' என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் நான் கொடுத்த விளக்கத்தை அவள் கடைசிவரை நம்பவில்லை.

பென்ஷனுக்கு ஒரு நிபந்தனை உண்டே... உயிரோடு இருக்கிறேன் என்று வருடா வருடம் நிரூபிக்க வேண்டும். அந்த மாதம் வந்துவிட்டால் ஆயாவுக்கு ராஜ உபசாரம்தான். எண்ணெய்க் குளியல், புதுப் புடவை, பாரிஸ் மாமாவிடமிருந்து தினமும் போன். 'ஆயா சாப்பிட்டுச்சா? சளி ஒண்ணும் இல்லையே?' அவளுக்குப் புரியாமலா இருக்கும்? 'எனக்கு இருமல் வந்தா உங்களுக்கெல்லாம் வயித்தைக் கலக்குதுடா' என்று சிரிப்பாள். ஆபீஸில் வேலை முடிந்ததும் கடற்கரைச் சாலையில் காந்தி சிலை பக்கம் ஆட்டோவை நிறுத்தச் சொல்வாள். சுண்டல் வாங்கித் தர வேண்டும். அரை மணி நேரம் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

இங்கேதான் நான் இடறுகிறேன். எங்களுக்கு வேண்டியிருந்தது ஆயாவா, அவள் கையெழுத்தா?

பிரான்ஸில் ஆர்ல் என்ற ஊரில் ழான் கல்மான் என்று ஒரு பாட்டி இருந்தார். 1965-ல் அவருக்குத் தொண்ணூறு வயது. ஒரு நோட்டரி அவரோடு ஒப்பந்தம் போட்டார். பாட்டி இருக்கும்வரை மாதம் 2,500 பிராங்க் தருவார், போன பிறகு வீடு அவருக்கு. முப்பது வருடம் கொடுத்தார். வீட்டின் விலையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்துவிட்டு 1995-ல் அவர்தான் போனார். பாக்கியை அவர் மனைவி கட்டினார். பாட்டி 122 வருடம் வாழ்ந்து 1997-ல் போனார். சாவுக்காகக் காத்திருந்தவரைப் பார்த்து உலகமே சிரித்தது. இன்னொரு பக்கம், 2010-ல் டோக்கியோவில், 111 வயது என்று பதிவில் இருந்த ஒரு தாத்தாவைப் பார்க்க அதிகாரிகள் போனால், அவர் செத்துச் சுமார் முப்பது வருடம் ஆகியிருந்தது. உடல் அறைக்குள்ளேயே கிடக்க, குடும்பம் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால், அந்தச் செய்தியைப் படித்தபோது மற்றவர்களைப்போல 'சீச்சீ' என்று என்னால் பக்கத்தைப் புரட்ட முடியவில்லை.

ஏனென்றால் இன்னொரு உண்மையும் எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே ஆயா வயதில் ஒரு கிழவி இருந்தாள். பென்ஷன் கிடையாது. நாலு பிள்ளைகள். திண்ணையில் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அவளுக்குச் சளி பிடித்ததா என்று யாரும் போன் போட்டுக் கேட்கவில்லை. மாதம் பிறந்தால் வந்த அந்தப் பணம்தான் ஆயாவைத் திண்ணைக்குப் போகவிடாமல் கட்டிலில் வைத்திருந்தது என்றால், அதைக் குறை சொல்ல நான் யார்?

2017. தொண்ணூற்றாறு வயது. ஒரு தனியார் ஆஸ்பத்திரி. 'வென்டிலேட்டர் வைக்கட்டுமா? யோசிச்சுச் சொல்லுங்க' என்றார் டாக்டர். 'எவ்வளவு செலவானாலும் வைங்க' என்று மாமா அழுதார். நிஜமான அழுகை. நானும் தலையாட்டினேன். ஆனால், அந்த நிமிடத்தில் என் மூளைக்குள் ஒரு பி.காம்.காரன் உட்கார்ந்து, ஒரு நாள் ஐ.சி.யூ. செலவு இவ்வளவு, அடுத்த தவணை வர இன்னும் இத்தனை நாள் என்று கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தான். நான் சொல்லி அவன் செய்யவில்லை. அவன்பாட்டுக்குச் செய்தான்.

பதினொரு நாள். குழாயைப் பிடுங்கிவிடுவாள் என்று கைகளைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். ஒருநாள் நான் பக்கத்தில் நின்றபோது வலது கைவிரல் போர்வைமேல் மெதுவாக அசைந்தது. வளைத்து, இழுத்து, மறுபடி வளைத்து... கையெழுத்துப் போடுகிறாள் என்றே எனக்குத் தோன்றியது. என் கற்பனையாகவும் இருக்கலாம்.

கணக்கு எழுதுபவர்களுக்குத் தெரியும். ஒரு தொகை எந்தத் தலைப்பில் சேரும் என்று புரியாவிட்டால் 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்'டில் போட்டு வைப்போம். அந்தப் பதினொரு நாளை நான் இன்னமும் அதில்தான் வைத்திருக்கிறேன். பாசத்தில் எழுதினாலும் பொய், பேராசையில் எழுதினாலும் பொய்.

கல்யாணச் சாவு. மேளம் அதிர, கொள்ளுப் பேரன்கள் நெய்ப்பந்தம் பிடிக்க வழியனுப்பினோம். காரியம் முடிவதற்குள்ளேயே, இறந்துவிட்டார் என்று பென்ஷன் ஆபீஸுக்குக் கடிதம் எழுதினேன். 'என்னடா அவசரம், இந்த மாசம் போகட்டுமே' என்றார் உறவுக்காரர் ஒருவர். பதில் சொல்லவில்லை. என் அவசரமும் நேர்மையா, பயமா என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த வருடம் அந்த மாதம் வந்தது. அம்மா காலண்டரைப் பார்த்துக்கொண்டே, 'ஆயாவை ஆபீஸுக்கு அழைச்சிட்டுப் போகணும்டா, ஆட்டோவுக்குச் சொல்லிடு' என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. இருவரும் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் ஆட்டோவை வரச்சொல்லி அம்மாவைக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். இரண்டு பொட்டலம் சுண்டல் வாங்கினோம்.