அறியா மனமும் அறிந்த பொறுப்பும்

ஆஸ்திரிய நாடாளுமன்றக் கீழவையின் தலைவர் ஒருமுறை அவைக் கூட்டத்தைத் தொடங்கி வைக்க எழுந்தார். உறுப்பினர்கள் போதிய எண்ணிக்கையில் வந்திருப்பதைக் குறிப்பிட்ட அவர், கூட்டம் தொடங்குகிறது என்பதற்குப் பதிலாக முடிவுற்றது என்று அறிவித்துவிட்டார். அவையில் சிரிப்பு எழுந்தது; அவரும் தம்மைத் திருத்திக்கொண்டார். நாமாக இருந்திருந்தால் ‘வாய் தவறிவிட்டது’ என்று சொல்லி அத்துடன் விட்டிருப்போம். வியன்னா நகர மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்ட் அவ்வாறு விட்டுவிடவில்லை. அக்கூட்டத்தால் நன்மை விளையாதென்று எண்ணிய தலைவரின் உள்ளம், அது முடிந்தால் போதுமென விரும்பியது. அவ்விருப்பமே நாவின் வழி வெளிப்பட்டது என்று 1901ஆம் ஆண்டின் நூலொன்றில் விளக்கினார்.

அவ்வாறாயின் நம்முன் ஒரு வினா எழுகிறது. வாய் தவறுவதிலும் நம் விருப்பமே செயற்படுகிறதென்றால், நாம் அறியாமற் செய்பவற்றுக்கும் நாமே பொறுப்பாளிகளா? அல்லது, ‘என் ஆழ்மனம் செய்தது, நான் என்ன செய்வேன்?’ என்று கையை விரித்துவிடலாமா?

நனவிலி மனம் பற்றிய எண்ணம் ஃபிராய்டுடன் பிறந்ததன்று. கடற்கரையில் நிற்கும் நமக்கு ஒவ்வோர் அலையின் ஓசையும் தனித்துக் கேட்பதில்லை. ஆயினும் அவ்வோசைகளெல்லாம் சேர்ந்தே பேரிரைச்சலாகக் கேட்கின்றன. நாம் உணராமலே உணர்கின்ற நுண்ணுணர்வுகள் உண்டு என்பதற்கு லைப்னிட்ஸ் காட்டிய சான்று இது. ஷோப்பன்ஹவர் அறிவுக்கு அடியில் இயங்கும் விருப்பாற்றலைப் பேசினார். எட்வர்ட் ஃபான் ஹார்ட்மன் 1869இல் நனவிலியின் தத்துவத்தைப் பெருநூலாகவே எழுதினார்.

தத்துவ நூல்களில் இருந்த இவ்வெண்ணத்தை நோயாளியின் படுக்கையருகே கொண்டுவந்ததே ஃபிராய்டின் சாதனை. 1885இல் பாரிஸ் சென்று, ஹிஸ்டீரியா நோயாளிகளை மனோவசியத்தால் ஆராய்ந்த ஷார்க்கோவிடம் அவர் பயின்றார். அதற்கு முன்பே, 1880 முதல் 1882 வரை, அவருடைய நண்பர் யோசெஃப் பிராயர் ஓர் இளம்பெண்ணுக்கு மருத்துவம் செய்திருந்தார். கடுங்கோடையில் தாகம் வாட்டியும் அப்பெண்ணால் நீர் அருந்த முடியவில்லை. பழங்களை உண்டே நாட்களைக் கழித்தாள். மனோவசிய நிலையில், நாயொன்று கிண்ணத்திலிருந்து நீர் குடித்ததைக் கண்டு அருவருப்புற்றதையும், அதை வெளிக்காட்டாமல் அடக்கிக்கொண்டதையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் நீர் கேட்டு அருந்தினாள். இதற்குப் ‘பேச்சு மருத்துவம்’ எனப் பெயரிட்டவளும் அவளே.

இருவரும் 1895இல் வெளியிட்ட நூலில் அவள் ‘அன்னா ஓ’ என்று குறிக்கப்பட்டாள். அவ்வரலாறு காட்டியது போல அவள் அன்றே முற்றும் குணமடைந்துவிடவில்லை என்பதும், 1882இல் சுவிட்சர்லாந்தில் ஒரு மருத்துவ இல்லத்தில் சேர்க்கப்பட்டாள் என்பதும் 1970களின் ஆய்வுகளால் தெரியவந்தன. பின்னாளில் அப்பெண்மணி, பெர்த்தா பாப்பன்ஹைம், 1904இல் ஜெர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவிப் பெருந்தொண்டு ஆற்றினார். உளப்பகுப்பாய்வு பிறந்த தொட்டிலிலேயே உண்மையும் மிகையும் ஒருங்கே கிடந்தன.

மனோவசியத்தைக் கைவிட்ட ஃபிராய்ட், மனத்தில் தோன்றுவதை மறைக்காமல் பேசும்படி நோயாளிகளைக் கேட்டார். 1896இல் ‘உளப்பகுப்பாய்வு’ என்ற பெயர் தோன்றியது. 1900ஆம் ஆண்டெனப் பொறிக்கப்பட்டு 1899 நவம்பரிலேயே வெளிவந்த கனவுகளின் விளக்க நூல், முதலில் அச்சிட்ட 600 படிகளும் விற்க எட்டாண்டுகள் பிடித்தன. ஆனால் 1909இல் அவர் அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் உரையாற்றினார். 1922இல் கல்கத்தாவில் கிரீந்திரசேகர போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். எகிப்தில் 1958இல் முஸ்தஃபா ஸஃப்வான் கனவு நூலை அரபியாக்கினார். அரபு அறிஞர்கள் நனவிலியைக் குறிக்க ஆண்ட ‘அல்லா ஷுஊர்’ என்ற சொல்லுக்கு இப்னு அரபியின் எழுத்துகளோடு உள்ள உறவை ஓம்னியா எல் ஷக்ரி தமது 2017ஆம் ஆண்டு நூலில் எடுத்துக்காட்டியுள்ளார்.

வணிக உலகமும் இக்கொள்கையை விட்டுவைக்கவில்லை. ஃபிராய்டின் மருமகன் முறையினரான எட்வர்ட் பெர்னேஸ், 1929இல் நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்களைச் சிகரெட்டுடன் நடக்கச் செய்தார். அதை ‘விடுதலைத் தீப்பந்தம்’ என்று விளம்பினார். மனிதன் தன்னை அறியக் கண்ட கருவி, மனிதனை அவன் அறியாமலே ஆட்டிவைக்கும் கருவியும் ஆயிற்று.

இதனினும் வேதனைக்குரியது ‘டோரா’ என்ற பதினெட்டு வயதுப் பெண்ணின் கதை. தந்தையின் நண்பர் தன்னிடம் தகாத முறையில் நெருங்கினார் என்று அவள் முறையிட்டாள், தந்தை நம்பவில்லை. 1900இல் அவளை ஃபிராய்டிடம் அழைத்துவந்தார். ஃபிராய்ட் அவள் சொன்ன நிகழ்ச்சியை நம்பினார். ஆனால் அவளது அருவருப்புக்கு அடியில், அந்த மனிதர்பால் அவளே அறியாத ஆசை ஒளிந்திருக்கிறது என்று வாதித்தார். அவள் மறுத்தாள், மறுப்பே ஒப்புதலின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. பதினொரு வாரங்களில் அவள் வெளியேறிவிட்டாள். பின்னர் அந்த மனிதரையே நேரிற் கண்டு, நடந்ததை ஒப்புக்கொள்ளச் செய்தாள்.

‘ஆம்’ என்றாலும் ஆம், ‘இல்லை’ என்றாலும் ஆம் என்று கொண்டால், அங்கே உண்மைக்கு இடம் ஏது? எந்த நிகழ்ச்சியாலும் பொய்ப்பிக்க இயலாத கொள்கை அறிவியல் ஆகாது என்று கார்ல் பாப்பர் கூறிய குறையும் இதுவே. அறிவியற்குறை ஒருபுறமிருக்க, இதில் அறக்குறையும் உண்டு. பிறருடைய உள்ளத்தை அவரினும் நாம் நன்கறிவோம் என்று கருதும் கணத்தில், அவருடைய சொல்லின் மதிப்பை நாம் பறித்துவிடுகிறோம். பறிகொடுப்பவர் பெரும்பாலும் எளியவரே: மகள், மனைவி, நோயாளி, பணியாள்.

எனில் இக்கொள்கையை முழுவதும் தள்ளிவிடலாமா? அதுவும் முறையன்று. கண்டிப்பு என்ற பெயரில் நம் சினத்தைத் தீர்த்துக்கொள்கிறோம். அறிவுரை என்ற பெயரில் பொறாமையை வெளியிடுகிறோம். கொடை என்ற பெயரில் புகழைத் தேடுகிறோம். அப்பொழுதெல்லாம் நாம் பொய் சொல்வதாக நமக்கே தெரிவதில்லை. நம்மையே நாம் ஏமாற்ற வல்லவர்கள் என்பதை ஃபிராய்ட் போல் விடாப்பிடியாக வற்புறுத்தியவர் சிலரே.

1925இல் எழுதிய ஒரு குறிப்பில், கனவில் தோன்றும் தீய விருப்பங்களுக்கு மனிதன் பொறுப்பாளியா என்று ஃபிராய்டே வினவினார். பொறுப்பேற்கத்தான் வேண்டும் என்பது அவர் விடை. அவ்விருப்பம் வேறெவரிடமிருந்தும் வந்ததன்று. என்னுள் இருந்து எழுந்ததை என்னுடையதன்று எனத் தள்ளினாலும் அது என்னைவிட்டு நீங்கிவிடாது என்றார். பிறரைப் பகுத்தாய்பவர் முதலில் தம்மைப் பகுத்தாய்வுக்கு உட்படுத்த வேண்டும் என்ற நெறியையும் 1912இலேயே அவர் ஏற்றுக்கொண்டார்.

எனவே நாம் எழுப்பிய வினாவுக்கு விடை இவ்வாறு அமைகிறது. கனவுக்காகவும் நாத்தவறுக்காகவும் எவரையும் தண்டிப்பது முறையன்று. ஆனால் அவற்றை நம்முடையவை என ஏற்று ஆராய்வது நம் கடமை. அறியாதிருந்தோம் என்பது ஒருமுறை மன்னிப்புக்குரியது. அறிய மறுத்தோம் என்பது அத்தகையதன்று. பிறர் ‘இல்லை’ என்று சொன்னால் அதை ‘இல்லை’ என்றே கொள்வோம். நாம் ‘இல்லை’ என்று சொல்லும்போது மட்டும், சற்று நின்று, அது உண்மைதானா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.